முள் அரையில் நின்றால்

ஏப்ரல் 29
கண்ணாடி அறை, மேசை இழுப்பறை

என் செல்ல நட்டுவுக்கு,

நாளைக்குப் பஸ் நிலையத்தில் நமக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். நீ இறங்குவாய், நான் ஏறுவேன். அதில் பாதி நேரம் நீ பையைத் தேடுவாய், மீதி நேரம் நான் உன்னைத் திட்டுவேன். அதனால் சொல்லவேண்டியதை எழுதி இந்த இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறேன். இதைப் படித்துவிட்டுத்தான் இந்த நாற்காலியில் உட்கார வேண்டும். இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் இதுதான் நம் சட்டம். போகிறவள் எழுதி வைக்க வேண்டும், வருகிறவள் படிக்காமல் உட்காரக் கூடாது.

வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி ஓர் ஏற்பாடு வாய்க்கவில்லை. படிப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் மாறி மாறி வரும் இந்த கோ-ஆப் திட்டத்தில், நாலு மாதம் எனக்கு இங்கே வேலைத் தவணை, உனக்கு அங்கே படிப்புத் தவணை. அடுத்த நாலு மாதம் தலைகீழ். ஒரே நாற்காலி, ஒரே வாடகை அறை, விடுதியில் ஒரே கட்டில். முதல் வருஷம் பையன்கள் நெட்டையையும் குட்டையையும் பார்த்து போல்ட்டு, நட்டு என்று பெயர் வைத்தபோது இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். இப்போது பார், கழற்ற முடியாதபடி மாட்டிக்கொண்டோம்.

வேலை இதுதான். இங்கே ரப்பர் குழாய்களை நீராவியில் வேகவைக்கிறார்கள். வேகவைக்கும் பாத்திரம் ஒரு பஸ் நீளம். எல்லோரும் பெரிய குக்கர் என்பார்கள். கதவு ஆள் உயரம். அதைத் திறந்து மூடுகிறவர் குக்கர் அக்கா. உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. அது சுவருக்கு இந்தப் பக்கம், நம் கண்ணாடி அறையில் இருக்கிறது. நீராவியை வெளியேற்றியதும் அவர் அங்கிருந்து "திறக்கலாமா?" என்று கத்துவார். நீ முள்ளைப் பார்த்துவிட்டு "திறங்கக்கா" என்று கத்த வேண்டும். அப்புறம் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுத வேண்டும்.

இனிமேல்தான் கவனமாகப் படிக்கவேண்டியது. அந்த கேஜ் கிழடு. குக்கர் காலியாக இருந்தாலும் முள் பூஜ்யத்துக்கு மேலே அரை என்ற கோட்டில் வந்து நின்றுகொள்ளும், பூஜ்யத்துக்கு இறங்காது. முதல் வாரம் அது இறங்கும் இறங்கும் என்று காத்திருந்து அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன். "அரை காட்டினா பூஜ்யம்னு எழுதிக்கம்மா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். அழுத்தம் மிச்சம் இருந்தால் கதவைத் திறக்கவிடாத பூட்டு ஒன்று உண்டு. அது கெட்டு ஒரு வருஷம். அதுவும் அப்புறம்தான். அவருக்கு அப்புறம் சார் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆக, முள் அரையில் நின்றால் பூஜ்யம் என்று அர்த்தம். இது எந்தத் தாளிலும் கிடையாது. சார் அன்றைக்கே மறந்திருப்பார். உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

கடைசியாக, இழுப்பறையின் அடியில் என் பச்சை நோட்டு இருக்கிறது. குக்கரிலிருந்து வடிந்து சாக்கடைக்குப் போகிற சுடுதண்ணீரை ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்து ஒன்பது வாரம் அளந்திருக்கிறேன். அதைத் திரும்ப பாய்லருக்குக் கொண்டுபோகலாம் என்பது என் யோசனை. செப்டம்பரில் வந்து மேலாளர் முன்னால் வைக்கப்போகிறேன். படிப்பு முடிந்ததும் இங்கே நிரந்தரமாக எடுக்கப்போவது ஒரே ஒரு ஆளைத்தானாம். நம்மில் யாரை எடுத்தாலும் சரி என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு வேண்டும் டி. நோட்டு பத்திரம்.

தலையணையில் ஜன்னல் பக்கம் என்னுடையது. அதில் எண்ணெய்த் தலையை வைக்காதே.

உன்
போல்ட்டு

---

ஜூன் 16
சைக்கிள் கடை மாடி அறை

அன்பான நெடுமரமே,

நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன், கேட்டால் பொய் சொல்வாய். தொழிற்சாலை வாசலில் கைபேசியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், அறையில் சிக்னல் கிடையாது. கடிதம் எழுதும் கடைசித் தலைமுறை நாம்தான் போலிருக்கிறது.

குக்கர் அக்கா முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்தார். பயிற்சிக்கு வந்தவள் என்பதால் அவருக்கு என் பெயரே பயிற்சிதான். "என்ன பயிற்சி, போன மாசம் கதவு உயரம் இருந்த, இப்ப மேசை உயரம்தான் இருக்க? ஊருக்குப் போனா சோறு போடமாட்டாங்களா?" என்றார். நான் வேறு ஆள் என்று சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. நாற்காலி ஒண்ணு, பயிற்சி ஒண்ணு. நாலு மாசம் வளருது, நாலு மாசம் சுருங்குது" என்றார். அதிலிருந்து தினமும் காலையில் என்னைச் சுவரோடு நிறுத்தி, நேற்றைவிட வளர்ந்திருக்கிறேனா என்று பார்க்கிறார். அவர் மகளை அப்படித்தான் கதவு நிலையில் கோடு போட்டு அளக்கிறாராம். ஒன்பது வயது. கோடு ஏறிக்கொண்டே போகிறது என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. காலையில் போகிறேன், முள்ளைப் பார்க்கிறேன், எழுதுகிறேன், வருகிறேன். இந்த மாதம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கோ-ஆப் அலுவலகம் அறிக்கை கேட்கிறது. ஒரு பக்கம் எழுத வேண்டும். கத்தக் கற்றுக்கொண்டேன் என்று எழுதலாமா?

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, ஒவ்வொரு தடவையும் "திறங்கக்கா" என்று சொல்லும்போது இரண்டு தடவை முள்ளைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். முள் அரையில் நிற்கிறது, கை பூஜ்யம் என்று எழுதுகிறது. நானும் அப்புறம் சாரிடம் கேட்டேன். அப்புறம் என்றார். நீ சொன்னாய் என்பதால்தான் எழுதுகிறேன். உன் வார்த்தையைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

அங்கே என்ன சேதி? பரீட்சை எப்படி? மறைக்காமல் எழுது.

உன்
நட்டு

(தலையணையில் ஜன்னல் பக்கம்தான் படுக்கிறேன். எண்ணெயும் வைத்திருக்கிறேன்.)

---

ஜூலை 21
விடுதி

என் நட்டு,

மறைக்காமல் எழுது என்றாய். எழுதுகிறேன்.

திரவ இயக்கவியலில் மறுபடி தோற்றுவிட்டேன். இது இரண்டாவது முறை. மூன்றாவது முறையும் போனால் கோ-ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள், படிப்பும் அத்தோடு சரி. விடைத்தாளைக் கொடுக்கும்போது பேராசிரியர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வேலைக்குப் போய்விட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பினால் வகுப்பறையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. யார் எந்தத் தவணையில் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்கே குழம்புகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார இடம் தேடும்போது இந்த ஊருக்கு இன்றைக்குத்தான் வந்த மாதிரி இருக்கிறது.

மாற்று இடம் இருக்கட்டும் என்று வேறு நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்தேன். நாற்பத்து மூன்று. பதில் வந்தவை ஆறு, எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம். கோ-ஆப் அலுவலகத்து அம்மா, "மனசைத் தளரவிடாதேம்மா, சிரிச்ச முகமா நேர்காணலுக்குப் போ" என்றார். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது.

அப்பா வாரம் தவறாமல் பேசுகிறார். கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் என் பெண் எஞ்சினியர் என்று சொல்கிறாராம். இன்னும் ஆகவில்லைப்பா என்றேன். "ஆன மாதிரிதானே" என்றார். வகுப்பு இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பச்சை நோட்டு ஒன்றுதான் டி எனக்கு மிச்சம். அதில் ஓர் எண்கூட யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. கை பொசுங்கப் பொசுங்க நானே வாளி பிடித்து அளந்தது. மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் என்னை எடுக்கமாட்டார்கள். அந்த நோட்டைப் பார்த்து மேலாளர் எடுத்தால்தான் உண்டு. நினைத்தாலே கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

நீ அக்காவிடம் அளவு கொடுத்துக்கொண்டிரு. செப்டம்பரில் வந்து பயிற்சி ஒரேயடியாக வளர்ந்துவிட்டது என்று காட்டுகிறேன்.

உன்
போல்ட்டு

---

ஆகஸ்ட் 20
மாடி அறை

என் போல்ட்டு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மேலாளர் திடீரென்று கண்ணாடி அறைக்குள் வந்தார். நான் உன் பச்சை நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக, சும்மா படிக்கத்தான் எடுத்தேன். கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இதெல்லாம் நீ அளந்ததா?" என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நாலு மாதமாக அந்த அறையில் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை டி. ஒரு ஆள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் தலையை ஆட்டிவிட்டேன். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். உன் பெயரைச் சொல்லவில்லை. முடிந்ததும் கை கொடுத்து, "படிப்பை முடிச்சிட்டு நேரா இங்க வந்துடு" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா, "பயிற்சி பெரிய ஆளாயிடுச்சு" என்று கை தட்டினார். அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாளே போய்ச் சொல்ல நினைத்தேன். மேலாளர் வெளியூர் போய்விட்டார். இது சாக்கு இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடமாவது ஒளிக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

திட்டி எழுது. இரண்டு பக்கம், நாலு பக்கம், எவ்வளவு வேண்டுமானாலும். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

நட்டு

---

ஆகஸ்ட் 24
விடுதி

உன் கடிதம் வந்தது.

திட்ட ஒன்றுமில்லை. திட்டுவதற்கு உரிமை வேண்டும், அது இருக்கிறது என்று நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான் என்று உனக்கு எழுதினேன். படித்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறாய்.

முப்பத்தொன்றாம் தேதி நான் வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்தில் காத்திருக்காதே. நீ கிளம்பும் வரை அறைக்கும் வரமாட்டேன். சாவியைச் சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டுப் போ.

இழுப்பறையில் எதையும் எழுதி வைக்காதே. வைத்தாலும் படிக்கப்போவதில்லை.

நான்

---

செப்டம்பர் 19
விடுதி

என் போல்ட்டு,

நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். கோ-ஆப் அலுவலகத்து அம்மா கூப்பிட்டுச் சொன்னார். பதின்மூன்றாம் தேதி குக்கர் கதவு வெடித்துத் திறந்ததாம், அக்காவுக்கு முகத்திலும் கையிலும் நீராவி அடித்ததாம், கண் தெரியுமா என்று இன்னும் சொல்லவில்லையாம். ஆண்டுப் பராமரிப்புக்காக இரண்டு வாரம் நிறுத்தி வைத்திருந்த குக்கரை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஓட்டினார்களாம். "முள் அரையில இருந்தது, அரைன்னா பூஜ்யம்னுதான் இங்க வழக்கம்" என்று நீ சொன்னாயாம். அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று அப்புறம் சார் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

நீ எப்படி இருக்கிறாய்? உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? சாப்பிடுகிறாயா? நான் கேட்க உரிமை இல்லாத கேள்விகள்தான், ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கு ஒன்று தெரியவேண்டும். பராமரிப்பு நேரத்தில், ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, அந்த கேஜை மாற்றிவிட்டார்கள். பழையதை ஸ்டோரில் கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான். புதுசு சரியாகக் காட்டும். அதில் அரை என்றால் உள்ளே அரை இருக்கிறது. நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பழைய அரை தெரியாது. ஆகவே மாறிவிட்டது என்று சொல்லவேண்டிய ஆளும் நான் ஒருத்திதான்.

நான் அதை எழுதினேனா? நீ வேண்டாம் என்றும் முப்பதாம் தேதி இழுப்பறையில் கடிதம் வைத்துவிட்டு வந்தேன். அதை மூன்று முறை எழுதினேன், இரண்டைக் கிழித்தேன். கேஜைப் பற்றி எழுதிய ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது கிழித்த தாளிலா, வைத்த தாளிலா என்று எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. அழுதுகொண்டே எழுதினேன். நம் சண்டையைப் பற்றித்தான் மனசெல்லாம். அந்தக் கடிதத்தில் இருக்கும் மற்றதெல்லாம் கிடக்கட்டும். கேஜ் என்ற வார்த்தை அதில் இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல்.

உன்னிடமிருந்து பதில் வராதபோது கோபம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். தொழிற்சாலைக்கு ஒரு போன் செய்திருக்கலாம். இரண்டு வாரம் இருந்தது.

நட்டு

---

அக்டோபர் 3
மாடி அறை

நட்டு,

உன் கடிதத்தில் கேஜைப் பற்றி எதையும் நான் படிக்கவில்லை. விசாரணையில் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கண்ணாடி மட்டும் உடைந்தது.

அக்காவுக்கு ஒரு கண் போய்விட்டது என்கிறார்கள். இன்னொன்றைப் பற்றிப் பேசமாட்டேன் என்கிறார்கள்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

போல்ட்டு

---

அக்டோபர் 27
விடுதி

அன்புள்ள போல்ட்டு,

உன் நாலு வரி வந்தது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. தெரியாமல் இருப்பதைவிட இது மேல். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, ஐந்து பேர், எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர். கேஜ் மாறியது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். அடுத்து வரும் மாணவியிடம் சொன்னாயா என்றார்கள். இல்லை, மறந்துவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவ்வளவு சின்ன பதில் போதுமாக இருந்தது. கோ-ஆப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். உன் மேல் தவறில்லை என்று முடிவு. சொல்லவேண்டியவள் சொல்லவில்லை, வந்தவள் தெரிந்ததை வைத்துச் செய்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். உடனே, "வீட்டுக்கு வா" என்றார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றைக்குப் பஸ் நிலையத்துக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். பழக்கதோஷம், அங்கேயே இருபது நிமிடம் நின்றேன். எதிரில் வந்த பஸ்ஸிலிருந்து யார் யாரோ இறங்கினார்கள்.

கண்ணை மூடினால் அக்கா என்னைச் சுவரோடு நிறுத்தி வைத்து அளக்கிறார். கனவுகூட இல்லை, விழித்துக்கொண்டிருக்கும்போதே. என்னைப் பெரிய ஆள் என்று கை தட்டிய கைகள் அவை. அவற்றில் இப்போது தோல் இல்லை என்கிறார்கள். நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஒரே ஒரு வரி. சண்டையைப் பற்றி மூன்று தடவை எழுதத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

நீ படிப்பை முடி. மூன்றாவது முறை தோற்காதே. இனிமேல் எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்த அறை ஞாபகம் வருகிறது, அதற்காகத்தான்.

கட்டிலுக்கு அடியில் உன் பழைய செருப்பு கிடந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அங்கேயே விட்டுவிட்டேன்.

நட்டு

---

டிசம்பர் 29
மாடி அறை

நட்டு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதியாகவேண்டும்.

முந்தாநாள் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத்தனை மாதத்தில் அதுதான் முதல்முறை. வாசல் வரை போய்த் திரும்பி வந்தது ஐந்தாறு தடவை இருக்கும். இரண்டு கண்ணிலும் கட்டு. கை இரண்டும் துணிப் பொட்டலம் மாதிரி. காதும் பாதி கேட்பதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, பயிற்சி வந்திருக்கிறேன் அக்கா என்று சத்தமாகச் சொன்னேன்.

"எந்தப் பயிற்சி? நெட்டையா, குட்டையா?" என்றார்.

குட்டை என்று சொன்னேன் நட்டு. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "நல்லதாப் போச்சு. அந்த நெட்டைய மட்டும் இங்க வரவேண்டாம்னு சொல்லு. திறங்கக்கான்னு அவ சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. வேற சத்தமே சரியாக் கேக்கல, அது மட்டும் கேக்குது" என்றார். பிறகு, "இன்னொரு கண்ணும் வராதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே எம் பொண்ணு எவ்வளவு வளந்தான்னு யாராவது சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். கிளம்பும்போது, "நீ நல்ல பொண்ணு. நீ இருந்திருந்தா பாத்துச் சொல்லியிருப்ப" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு தெருவில் நடந்து வந்தேன். அறைக்கு வந்து பையின் அடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். உறை ஒட்டியபடியே இருந்தது.

ஆம். நான் பிரிக்கவே இல்லை. செப்டம்பர் முதல் தேதி இழுப்பறையைத் திறந்தேன், உன் கையெழுத்தைப் பார்த்தேன், எடுத்துப் பையில் திணித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். படிக்காமல் உட்காரக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். அன்றைக்கு கேஜின் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. யாரோ துடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பதின்மூன்றாம் தேதி முள் மெதுவாக இறங்கி அரையைத் தொட்டது. அக்கா கேட்டார், நான் சொன்னேன்.

நீ செப்டம்பரில் எழுதிக் கேட்டபோதும் கடிதம் பையில்தான் இருந்தது. பிரித்திருக்கலாம். பிரித்தால் அந்த வரி இருக்கும் என்று பயந்தேன். பிரிக்காதவரை, நீ எழுதாமல் விட்டிருக்கவும் கூடும் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? கேஜைப் பற்றி எதையும் நான் படிக்கவில்லை என்று உனக்கு எழுதினேன். அந்த வாக்கியத்தை அரை மணி நேரம் யோசித்து எழுதினேன். பொய் இல்லாத மாதிரி ஒரு பொய். நீ அதை நம்பி, செய்யாத தவறை ஐந்து பேர் முன்னால் ஒப்புக்கொண்டாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ என் நோட்டை எடுத்தாய் என்று உன்னை மன்னிக்க மறுத்தவள் நான்.

முந்தாநாள் பிரித்தேன்.

நேற்று அசலை விசாரணைக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன். கோ-ஆப் அலுவலகத்திலும் சொன்னேன். உன்னைத் திரும்பச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா கோப்பை எடுத்துப் புரட்டினார். முடிந்துபோன கோப்பு, மேலே எழுதிக் கேட்கவேண்டும், உறுதி சொல்ல முடியாது என்றார். என் பெயரை அங்கேயே அடித்துவிட்டார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் நான் நெட்டை என்று சொல்லப்போகிறேன்.

மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் இல்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதுதான் பயம். இது எதற்கென்றால், அந்தக் கடிதத்தில் என்ன எழுதினோம் என்று தெரியாமல் நீ வாழக் கூடாது. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ எழுதினாய் நட்டு. முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய்.

நான்

இணைப்பு: உன் ஆகஸ்ட் 30 கடிதத்தின் நகல்

---

ஆகஸ்ட் 30
கண்ணாடி அறை, மேசை இழுப்பறை

என் போல்ட்டு,

முதலில் வேலை விஷயம், அப்புறம்தான் நம் சண்டை. கேஜை மாற்றிவிட்டார்கள். இனி அரை என்றால் அரைதான், பூஜ்யம் இல்லை. முள் கீழே முட்டும் வரை காத்திரு, அக்கா எவ்வளவு கத்தினாலும் சரி. நிறுத்தம் என்பதால் அவர் லீவில் இருக்கிறார், என்னால் சொல்ல முடியவில்லை. வந்ததும் நீ சொல்லிவிடு. பூட்டு இன்னும் சரியாகவில்லை, அது எப்போதும் போல அப்புறம்தான்.

இரண்டாவது விஷயம். மேலாளர் இன்று காலை ஒரு மணி நேரம் வந்து போனார். நோட்டு என்னுடையது இல்லை, என் நெட்டைச் சிநேகிதியுடையது என்று சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணுதான் எனக்கு வேணும். இந்தத் தவணை முடியட்டும், நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார். நீ அதுவரை தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. நோட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் உன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

படிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? நாலு நாள் முறைத்துக்கொண்டு இருப்பாய், ஐந்தாம் நாள் பிரிப்பாய். குக்கரை ஓட்ட இரண்டு வாரம் ஆகும், அதற்குள் உன் கோபம் இறங்கிவிடும்.

தலையணை உறையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் உன்னுடையதுதான்.

மன்னிக்கவேண்டாம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். படித்தேன் என்று ஒரு வரி மட்டும் எழுதிப் போடு. எனக்கு அது போதும்.

என்றும் உன்
நட்டு